தோலில் பூசும் விலங்குக் கொழுப்பு: எது வேலை செய்கிறது, எது வெறும் கதை

மார்கழிக் காலையில் நெய்ப் பாத்திரத்திலிருந்து மிளகளவு கெட்டி நெய்யை எடுத்து முன்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சில விநாடிகளில் உருகிப் பரவிவிடும். அதே இடத்தில் ஆட்டுக் கொழுப்பைத் தேய்த்தால் உருகாமல் மெழுகு போலத் திட்டுத் திட்டாக நிற்கும். மீன் எண்ணெயோ தேய்ப்பதற்குள் வழிந்தோடிவிடும். தோலின் மேற்பரப்பில் வெப்பம் ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி செல்சியஸ். பசுநெய் 28 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்குகிறது. ஆட்டுக் கொழுப்பு உருக 44 டிகிரிக்கு மேல் வேண்டும். மீன் எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது எண்ணெயாகவே இருக்கும்.

விலங்கு எண்ணெய்களைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளில் பாதிக்கு மேல் இந்தச் சின்னச் சோதனையிலேயே விளங்கிவிடும். எந்த வெப்பத்தில் உருகும், எவ்வளவு நேரம் மேலே தங்கும், உள்ளே என்னென்ன கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன: தோலுக்கு வேண்டியது இவ்வளவுதான். மயிலா, உடும்பா, மாடா என்று தோல் விசாரிப்பதில்லை.

மெட்ராஸ் தளமும் மேல்தோலும்

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பழைய வீடுகளில் மெட்ராஸ் தளம் போட்ட கூரையைப் பார்த்திருப்பீர்கள். மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களை நெருக்கமாக நிறுத்தி, சந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பிக் கெட்டிப்படுத்திய தளம். தோலின் மிக மேலடுக்கும் கிட்டத்தட்ட அதே கட்டுமானம். செத்துத் தட்டையாகிப்போன செல்கள் செங்கல். அவற்றின் இடையிலுள்ள கொழுப்பு, சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்ற கொழுப்பு வகை, கால் பங்கு கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்கள். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விட்டுவிட்டால், இந்த அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான்.

கூரையில் மழை உள்ளே இறங்கக்கூடாது. தோலில் கவலை எதிர்த் திசையில்: உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடக்கூடாது. சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பது, கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது, ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் பொழுதுக்கும் ஏசியில் உட்காருவது, வயது, எல்லாமே சாந்தை அரிக்கின்றன. ஈரம் பறந்துபோய், செங்கல் ஓரங்கள் தூக்கிக்கொள்கின்றன. முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் தெரிவது அதனால்தான். கடற்கரை ஊரில், காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது தோல் ஏன் வறள்கிறது என்று கேட்பவர்கள், ஏசி அறைக்குள் எட்டு மணி நேரம் இருப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த நிலையில் மேலே பூசும் கொழுப்பால் மூன்று காரியம் ஆகும். ஈரம் பறக்காமல் மூடி போல நிற்கும். தூக்கிய ஓரங்களுக்கிடையே புகுந்து வழவழப்பாக்கும். தன்னோடு கலந்த மருந்தைத் தோல்மேல் பிடித்துவைக்கும். மூடி வேலையில் விலங்குக் கொழுப்பு எதுவும் வாசலினை மிஞ்சாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நியாயம். வாசலினுக்கு 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகு மருந்துக் களிம்புகளிலிருந்து பன்றிக் கொழுப்பு மெல்ல மெல்ல விடைபெற்றதற்குக் காரணம், வாசலின் கெட்டுப்போகாது, வாடை அடிக்காது, மலிவு.

‘எலும்பு வரைக்கும் இறங்கும்’, ‘உள்ளங்கையில் விட்டால் புறங்கையில் கசியும்’ என்ற பேச்செல்லாம் இந்தக் கணக்குக்கு நிற்காது. மூலக்கூறின் எடை 500 டால்டனை (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) தாண்டினால் நல்ல தோலைக் கடந்து உள்ளே போவது மிகக் கடினம் என்பது தோல் மருந்தியலில் புழங்கும் பொது விதி. எண்ணெயும் கொழுப்பும் பெரும்பாலும் டிரைகிளிசரைடுகள். அவற்றின் எடை பொதுவாக 800, 900 பக்கம். மேலடுக்கில் ஊறும், அங்கேயே நிற்கும். தேய்த்த பிறகு ‘இழுத்துக்கொண்டது’ போலத் தெரிவது, சந்துகளில் பரவி மெல்லிய படலமானதால்.

நூறு முறை கழுவிய நெய்

வீட்டில் எளிதாகக் கிடைப்பதும், சட்டச் சிக்கல் இல்லாததும், செய்முறை சுவாரசியமானதும் நெய்தான். பச்சை நெய்யை அப்படியே பூசலாம். ஆனால் பிசுபிசுக்கும், வாடையும் போகாது. இதற்கு ஆயுர்வேதம் கண்ட வழி சததௌத கிருதம், அதாவது நூறு தரம் நீரில் கழுவிய நெய்.

100 கிராம் பசுநெய், ஒவ்வொரு தரத்துக்கும் 100 மில்லி தண்ணீர். நூறு தரத்துக்கு 10 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனில் பாதி. உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம். அகலமான தட்டில் நெய்யையும் நீரையும் விட்டு, உள்ளங்கையால் ஒரே திசையில் இரண்டு மூன்று நிமிடம் தேய்க்க வேண்டும். நீரைச் சாய்த்து ஊற்றிவிட்டுப் புது நீர் விட வேண்டும். பத்துப் பதினைந்து தரம் ஆனதும் மஞ்சள் வெளுக்கத் தொடங்கும். முப்பது, நாற்பதில் வெண்ணெய் போலத் திரளும். கடைசியில் தூய வெள்ளையாக, எடை கூடி, விரலில் எடுத்தால் முனை நிற்கும் களிம்பு கிடைக்கும். மொத்தம் நான்கைந்து மணி நேர வேலை. இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தால் நல்லது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நெய்யின் வாடைக்குக் காரணமான, நீரில் கரையும் சின்னச் சின்ன அமிலங்கள் நீரோடு போய்விடுகின்றன. நுண்ணிய நீர்த்துளிகள் கொழுப்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. ஒளி அந்தத் துளிகளில் பட்டுச் சிதறுவதால் வெள்ளை. பூசியதும் அந்த நீர் ஆவியாவதால் குளிர்ச்சி. மருந்துக் கடை கோல்டு கிரீமுக்கும் இதே வித்தைதான். நம்மூர்ச் சித்த மருத்துவத்தில் குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, நீர் விட்டுக் கடைந்து எடுக்கும் குங்கிலிய வெண்ணெயும் இந்தக் குடும்பம். பெயரில்தான் வெண்ணெய், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சென்னையில் இது கெட்டுப்போவதற்கு முதல் காரணம் வெயில். சித்திரை, வைகாசியில் அறை வெப்பமே 34 டிகிரி இருக்கும்போது நெய் எண்ணெயாகக் கிடக்கும். எத்தனை தரம் கழுவினாலும் நீரும் அதுவும் தனித்தனி. விடிகாலையில், 20 முதல் 25 டிகிரிக்குள் குளிர்ந்த நீரில் தொடங்குங்கள். நெய்யைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலும் போதும். ஐஸ் தண்ணீர் கூடாது. நெய் மணல் மணலாக உறைந்து, துளிகள் உள்ளே புகாது. எருமை நெய் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தில் உருகுவதால் குருணை குருணையாக நிற்கும்.

பழைய முறை செம்புத் தாம்பாளத்தைச் சொல்கிறது. இந்த ஓரிடத்தில் மரபை மீறலாம் என்பது எங்கள் கருத்து. செம்பு கொழுப்பைச் சீக்கிரம் காறவைக்கும். எவர்சில்வர் தட்டு போதும். இன்னொன்று: இந்தக் களிம்புக்குள் நீர் இருக்கிறது, பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லை. வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும். சின்னப் புட்டிகளில் ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள்.

நாலு மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கு நெய் மெழுகுக் களிம்பு. 20 கிராம் தேன்மெழுகு, 80 கிராம் நெய். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னக் கிண்ணத்தில் முதலில் மெழுகை உருக்குங்கள். அது உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். பிறகு நெய்யை விட்டுக் கலக்கி, இறக்கி, கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, கெட்டியாகும்வரை கிண்டிக்கொண்டே இருங்கள். தானாக மெல்ல ஆறவிட்டால் குருணை கட்டும். கோடையில் மெழுகு 25, நெய் 75 என்று மாற்றுங்கள். மெழுகை நேரடித் தீயில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். இதில் நீர் இல்லாததால் அதிக நாள் தாங்கும். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு என்று பாரஃபின் கொடுத்துவிட்டால் கண்டுபிடிக்க வழி உண்டு: விரலிடுக்கில் பிசைந்தால் தேன்மெழுகு இளகி ஒட்டும், தேன் வாசம் வரும். பாரஃபின் வழுக்கும், உதிரும்.

கம்பளி ஆட்டின் மெழுகு

லேனோலின் எண்ணெயே இல்லை. செம்மறியின் தோல் சுரந்து கம்பளி மேல் படிய வைக்கும் மெழுகு. கம்பளியைச் சோப்பு நீரில் அலசும்போது பிரிந்து வருகிறது, ஆடு சாக வேண்டியதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தின் சொந்த இனமான மெட்ராஸ் ரெட் செம்மறிக்குக் கம்பளி கிடையாது, வெறும் மயிர்தான். தமிழ்நாட்டில் மென்மையான கம்பளிக்குப் பெயர்பெற்ற இனம் நீலகிரிச் செம்மறி. எனவே சென்னைக் கடைகளில் கிடைக்கும் லேனோலின் உள்ளூர் ஆட்டினுடையது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதன் தனிக் குணம், தன் எடையைப் போல் இருமடங்கு நீரைத் தனக்குள் பிடித்துவைக்கும். வெடித்த குதிகாலுக்கும், பால் கொடுக்கும் தாயின் முலைக்காம்பு வெடிப்புக்கும், உதட்டுக்கும் இது பொருந்துவது அதனால். முலைக்காம்புக்கு, அதற்கென்றே சுத்திகரித்த லேனோலினை மட்டும் வாங்குங்கள். களிம்பு டியூபின் பின்பக்கம் ‘அடெப்ஸ் லேனே’ என்றிருந்தால் இதுதான். ‘சீரா ஆல்பா’ என்றால் வெளுத்த தேன்மெழுகு. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு பெயர்கள் இவை. லேனோலின் சிலருக்கு ஒவ்வாமை தரும், அதிலும் நாள்பட்ட கரப்பான் (எக்சிமா) உள்ள தோலில்.

ஆட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு: சுமப்பவன் யார், சுமை எது

சொரி சிரங்குக்குப் பன்றிக் கொழுப்பில் கந்தகம் குழைத்துப் பூசுவது உலகின் பல ஊர்களில் இருந்த வழக்கம். குணமானது உண்மை. ஆனால் சிரங்குப் பூச்சியைக் கொன்றது கந்தகம். கொழுப்பு அதைத் தோல்மேல் ஒட்டவைத்தது, அவ்வளவுதான். கந்தகத்தை வாசலினில் குழைத்தாலும் அதே பலன். விலங்குக் கொழுப்பு மருந்துகளைப் பற்றி எதைக் கேள்விப்பட்டாலும், சுமந்தது எது, சுமை எது என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்னொரு பழைய தந்திரமும் நினைவில் கொள்ளத் தக்கது: அந்நாள் மருந்தாளர்கள் பன்றிக் கொழுப்பு காறாமலிருக்க அதில் சிறிது சாம்பிராணியைச் சேர்த்து உருக்கி வடிகட்டினார்கள். சாம்பிராணியில் உள்ள பென்சாயிக் அமிலம் போன்றவை கொழுப்பைக் காத்தன.

இப்போது ரீல்ஸில் ‘டாலோ’ என்ற பெயரில் ஆட்டு, மாட்டுக் கொழுப்புக் களிம்புகள் வரிசையாக வருகின்றன. செய்து பார்க்க விரும்பினால் கறிக்கடையில் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைத் தனியாகக் கேளுங்கள். அதுதான் சதை ஒட்டாதது. ஒரு கிலோவைப் பொடியாக நறுக்கி, கால் லிட்டர் நீர், ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்து, சிறு தீயில் மூன்று மணி நேரம். கொப்பளிக்கக் கூடாது, லேசாகச் சலசலத்தால் போதும். துணியில் வடிகட்டி, உறையவிட்டு, அடியில் படிந்த பழுப்பைச் சுரண்டி எறியுங்கள். புது நீரும் உப்பும் விட்டு இன்னும் இரண்டு தரம் இதையே செய்தால் வாடை பெருமளவு அடங்கும். கடைசியாக நீரில்லாமல் சூடாக்கி, குமிழி நின்றதும் இறக்குங்கள். குமிழி நிற்கும் முன்பே அவசரப்பட்டு இறக்கினால் உள்ளே ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் சீக்கிரம் கெடும். தீயைக் கூட்டினால் வறுத்த கறி வாசம் ஏறி, பிறகு எதற்கும் போகாது. ஆட்டுக் கொழுப்பு தனியாகப் பரவாது என்பதால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு நல்லெண்ணெய் கலக்க வேண்டியிருக்கும்.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது, நெய் மெழுகுக் களிம்பு செய்யும் அதே வேலையைச் செய்யும். கொஞ்சம் கூடுதல் கெட்டி, அவ்வளவே.

மீன், ஈமு, முட்டை

காட் மீன் ஈரல் எண்ணெயிலும் சுறா ஈரல் எண்ணெயிலும் வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நார்வேயிலிருந்து காட் எண்ணெய் வரத்து நின்றதும், சென்னை மாகாண மீன்வளத் துறை சுறா ஈரல் எண்ணெய் தயாரிப்பில் இறங்கியது. அது பெரும்பாலும் குடிக்கக் கொடுத்த எண்ணெய். மேலுக்கு என்றால், குழந்தைகளின் இடுக்குப் புண்ணுக்குத் துத்தநாக ஆக்சைடோடு காட் எண்ணெய் சேர்ந்த களிம்புகள் உண்டு. அங்கேயும் பெரும்பங்கு வேலை துத்தநாகத்தினுடையது. சுறா ஈரலிலிருந்து எடுக்கும் ஸ்குவாலீன் என்ற எண்ணெய்ப் பொருள் நம் தோல் சுரக்கும் எண்ணெயிலேயே பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. இன்று அதே பொருளை ஆலிவிலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் எடுக்கிறார்கள். சுறாக்கள் குறைந்துவரும் காலத்தில் இது நல்ல செய்தி. காசிமேட்டிலிருந்து ஈரல் வாங்கிவந்து வீட்டில் காய்ச்சும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்: மீன் எண்ணெய் மற்றெதையும்விடச் சீக்கிரம் காறும், காறிய எண்ணெய் தோலை எரிக்கும்.

ஈமு எண்ணெயை ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறார்கள். ஏறக்குறையப் பாதி ஒலிக் அமிலம், பத்து முதல் பதினைந்து சதவீதம் லினோலிக் அமிலம். நன்றாகப் பரவும், பிசுபிசுப்புக் குறைவு. வீக்கத்தைத் தணிப்பதாக விலங்குகளில் செய்த ஆய்வுகள் உண்டு. மனிதர்களில் ஆதாரம் மெலிவு. தமிழ்நாட்டில் ஈமு என்றதும் 2012-ல் பெருந்துறைப் பக்கம் பண்ணைகள் கவிழ்ந்து, பணம் போட்டவர்கள் தவித்ததுதான் ஞாபகம் வரும். எண்ணெய் என்னவோ பாவம் செய்யவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒலிக் அமிலம் நிறைந்த எண்ணெய், ஏற்கெனவே பலவீனமான சாந்தை இன்னும் கொஞ்சம் இளக்கும். கரப்பான் உள்ள குழந்தைக்கு அது முதல் தேர்வாகாது.

முட்டைத் தைலத்துக்கு மஞ்சள் கருவை வேகவைத்து உதிர்த்து, இரும்புச் சட்டியில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்பாகி, கறுத்து, நுரைத்து, அரை மணிக்கு மேல் ஆனதும் எண்ணெய் பிரியும். கரண்டியால் அழுத்தி வடிக்க வேண்டும். ஒரு மஞ்சள் கருவில் ஐந்து கிராம் அளவே கொழுப்பு, அதிலும் பாதி கரியோடு போய்விடும். புகை வீடு முழுக்கச் சூழும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. சித்த மருத்துவத்தில் அண்டத் தைலம் உண்டு. அதை மருத்துவர் சொன்னால் வாங்குங்கள், வீட்டில் முயல வேண்டியதில்லை.

உடும்பு, மயில், கரடி, ஆமை

இவற்றைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பும் மயிலும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையும், பாக் நீரிணையின் கடல்பசுவும், கரடியும் அதே அட்டவணை. கொல்வது மட்டும் குற்றம் என்று நினைக்க வேண்டாம். அவற்றின் கொழுப்பை விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். மயில் தானாக உதிர்த்த இறகுக்குச் சலுகை உண்டே என்பார்கள். இறகுக்கு உண்டு, கொழுப்புக்குக் கிடையாது.

அப்படியென்றால் நடைபாதைக் குப்பிகளில் என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, விற்பவரின் வாய்ச்சொல் தவிரச் சாட்சி இல்லை. உண்மையிலேயே உடும்பு என்றால் நீங்கள் குற்றவாளி, இல்லையென்றால் ஏமாளி. அமெரிக்காவில் கிளார்க் ஸ்டான்லி என்பவர் விற்ற பாம்பு எண்ணெயை 1910-களில் அரசு சோதித்தபோது கிடைத்தது கனிம எண்ணெய், மாட்டுக் கொழுப்பு என்று கருதப்பட்ட ஒன்று சிறிதளவு, மிளகாய், பாம்பைக் காணோம். அபராதம் 20 டாலர். தேய்த்ததும் ‘சுர்’ என்று சூடு ஏறினால் அது விலங்கின் வீரியமாக இருக்க வேண்டியதில்லை. மிளகாய், கற்பூரம், விண்டர்கிரீன் தைலம் எல்லாமே அந்தச் சூட்டைத் தரும்.

சித்த மருந்து வேண்டுமென்றால் முறையான வழிகள் நகரத்திலேயே இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. கடையில் வாங்கினால் உற்பத்தி உரிம எண், தொகுப்பு எண், தேதி, சேர்மானங்கள் நான்கும் அச்சில் இருக்க வேண்டும். தோலுக்கு அங்கே பெயர்பெற்ற வெட்பாலைத் தைலம் தேங்காய் எண்ணெயில் செய்வது என்பதையும் கவனியுங்கள். காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸ்) அதைத்தான் பரவலாகக் கொடுக்கிறார்கள், எந்தக் காட்டு விலங்கையும் தேடிப் போகவில்லை.

எண்ணெய் வைத்தால் மோசமாகும் இடங்கள்

தேமலுக்குக் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை. அது உயிர்வாழ்வதே கொழுப்பு அமிலங்களைத் தின்று. நெய்யோ ஈமு எண்ணெயோ தடவினால் அதற்கு விருந்து. தலைப் பொடுகுக்கும் இதே கதை. கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்து வேண்டும்.

படர்தாமரையில் எண்ணெய் பூசினால் அரிப்பு ஓரிரு மணி நேரம் அடங்கியது போலிருக்கும், வட்டம் விரியும். அதைவிட ஆபத்து, யாரோ சொன்னார்கள் என்று குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தேய்ப்பது. ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிடும், பூஞ்சை உள்ளே பரவும், பிறகு மருத்துவரே திணறுவார். சொரி சிரங்குக்கு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு: கழுத்துக்குக் கீழே உடல் முழுக்கப் பூசி 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி, வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில். ஒருவர் விட்டுப்போனாலும் சுற்றிச் சுற்றி வரும்.

அக்னி நட்சத்திரத்தில் முதுகு, கழுத்து, மார்பில் கனமான கொழுப்பு வேண்டாம். வியர்வைத் துளை அடைபட்டு வேர்க்குரு கொப்பளிக்கும். முகப்பரு உள்ளவர்களும் தள்ளியே இருக்கலாம்.

தீக்காயத்தில் நெய், வெண்ணெய் வைப்பது சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும். செய்ய வேண்டியது, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். சென்னைக் கோடையில் இதில் ஒரு சிக்கல்: மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும். குழாயைத் திறந்து கையால் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் கேன் தண்ணீரையோ சம்ப்பிலிருந்து எடுத்த நீரையோ சொம்பு சொம்பாக ஊற்றுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள்.

பச்சைக் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் நெய், விளக்கெண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் கடும் நிமோனியா வரும், அதை எளிதில் வெளியேற்ற முடியாது. பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிந்தால் எந்தக் களிம்பும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

பூசும் முறை

புதிதாக எதைத் தொடங்கினாலும் முழங்கை மடிப்பில், ஐந்து ரூபாய் நாணயத்தளவு இடத்தில், ஒரு வாரம் காலையும் மாலையும் தடவிப் பாருங்கள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்ப முடியாது; ஒவ்வாமை நாலைந்து நாள் கழித்தும் தலைகாட்டும்.

குளித்து ஒற்றித் துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். காய்ந்த தோலில் பூசினால் மூடி இருக்கும், மூடிவைக்க ஈரம் இருக்காது. ‘எவ்வளவு தேய்த்தும் வறட்சி போகவில்லை’ என்பவர்களில் நிறையப் பேர் தவறுவது இங்கேதான். அளவு: அரை கிராம், அதாவது ஒரு பட்டாணியளவு, இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். அதற்கு மேல் பூசியதெல்லாம் லுங்கிக்கும் போர்வைக்கும் போகும்.

குதிகால் பித்தவெடிப்புக்கு இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் லேசாகத் தேய்த்து, துடைத்து, லேனோலினோ நெய் மெழுகுக் களிம்போ வைத்துப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளேடால் சீவுவது வேண்டாம். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தேவை உலர்வு.

புட்டி கறுப்போ பழுப்போ ஆக இருக்கட்டும், செய்த தேதியை மேலே ஒட்டுங்கள். கைவிரலை விடாமல் கரண்டியால் எடுங்கள். வைட்டமின் ஈ மாத்திரை 400 மில்லிகிராம் ஒன்றைக் குத்தி 100 கிராம் களிம்பில் பிழிந்தால் காறல் தள்ளிப்போகும். சிக்கு வாடையோ வண்ணப்பூச்சு வாடையோ வந்துவிட்டால் தோலுக்கு ஆகாது. நெய்யை விளக்குக்கு ஊற்றிக்கொள்ளலாம். மீன் எண்ணெயை ஊற்றினால் தெருவே கதவைத் தட்டும்.